வாயைத் திற மாப்ளே

மாப்ளே, உன் தாராள மனசை ஊரே பேசுது. ராத்திரி பத்தரைக்குக் கண்ணை மூடினா, குறட்டையை உன் வீட்டுக்குள்ள மட்டும் வச்சுக்கிற ஆளா நீ? கீழத்தெரு வரைக்கும் பங்கு வச்சுக் குடுக்குற. கோழி தூங்கல, நாய் தூங்கல, எம்மக தூங்கல. நீ ஒருத்தனாச்சும் தூங்குறியேன்னு எல்லாரும் மனசைத் தேத்திக்கிட்டிருக்காங்க. எனக்கு அதுலயும் சந்தேகம். ராத்திரி பூரா ஒழுங்காத் தூங்கின மனுசன், காலையில பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சுல கையில கிளாசோட சாய மாட்டான். அன்னைக்கு நீ சாஞ்சப்ப டீ கொட்டினது என் வேட்டியில.

போன மாசம் உன் வீட்டு அலமாரியில ரெண்டு பில்லு கண்ணுல பட்டுச்சு. தேடிப் பாக்கல, தானாப் பட்டுச்சு. ஒண்ணு மெத்தைக்கு. தூக்கம் நல்லா வரும்னு கடைக்காரன் சொன்னானாம். இன்னொண்ணு வாய் நாத்தத்துக்கு: பேஸ்டு, கொப்புளிக்கிற நீலத் தண்ணி, நாக்கு வழிக்க ஒரு தகடு. தூக்கத்துக்கு ஒரு கடை, வாய்க்கு ஒரு கடைன்னு தனித்தனியாக் கப்பம் கட்டியிருக்க. ரெண்டும் ஒரே வழக்குன்னு உனக்கு யாரும் சொல்லல. கடைக்காரன் சொல்லுவானா?

"இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்"னு நீ உங்கம்மாகிட்டக் கேட்டதும் என் காதுக்கு வந்துருச்சு. நியாயமான கேள்விதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. மூத்தவன் மக பல் டாக்டருக்குப் படிக்கிறாள்ல, லீவுக்கு வந்தா என் கட்டில்லதான் உக்காந்து பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பா. தமிழ்ல சொல்லுடின்னா சொல்லவும் செய்வா. பரீட்சை எழுதினது அவ, பாடம் ஏறினது எனக்கு.

மொதல்ல எச்சில். மூஞ்சியைச் சுளிக்காத. ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் மனுசன் வாயில எச்சில் ஊறுது. நீ பாக்கைப் போட்டுத் தெருவுல துப்புறதை நான் கணக்குல சேக்கல. சோத்தை நனைக்கிறது மட்டும் அதோட வேலை இல்ல. நாம திங்கிற இனிப்பையும் மாவையும் வாயில குடியிருக்கிற கிருமி தின்னு புளிப்பாக்குது. அந்தப் புளிப்பு பல்லு மேல இருக்கிற எனாமலைக் கரைக்குது. எச்சில் வந்து புளிப்பை முறிச்சு, கரைஞ்ச இடத்துல கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் பூசிட்டுப் போகுது. நாள் பூரா, கூலி கேக்காம. ராத்திரியானா அதுவும் வேலையை நிறுத்திருது. தூங்குறப்ப எச்சில் ஊறுறது கிட்டத்தட்ட நின்னே போயிரும், உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். அதனாலதான் பல் டாக்டருங்க ராத்திரி வெளக்கு, ராத்திரி வெளக்குன்னு கத்துறாங்க. நீ காலையில வேப்பங்குச்சியைக் கடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி வந்து காட்டுறியே, அது அழகுக்குச் சரி.

உன் விசயம் அதுக்கும் மேல ஒரு படி. இருக்கிற கொஞ்சநஞ்ச எச்சிலையும் வாயால மூச்சு விட்டுக் காயப் போடுற. மூக்கு வழியாப் போற காத்து வடிகட்டி, நனைஞ்சு, பதமாச் சூடாகி உள்ள போகும். வாய் வழியாப் போற காத்து போற வழியெல்லாம் உலத்திக்கிட்டுப் போகும். காலையில எந்திரிக்கிறப்ப நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டிருக்கு, தண்ணிச் செம்பைத் தடவுற, எம்மக முகத்தைத் திருப்பிக்கிறா. மேல் முன்பல்லு ஈறு உனக்குச் செவந்து தடிச்சிருக்கு பாரு, காத்து நேராப் போயி அடிக்கிற எடம் அதுதான். நீலத் தண்ணி ஊத்தினா கொஞ்ச நேரம் மணக்கும், ராத்திரி மறுபடியும் காயும். அதுல ஆல்கஹால் கலந்திருந்தா வாய் இன்னும் கூடத்தான் காயும். டப்பாவுல பொடி எழுத்துல போட்டிருப்பான், படிச்சியா? சளிக்குப் போடுற சில மாத்திரை, மனக் கவலைக்குக் குடுக்குற சில மாத்திரை, பிரசருக்கு நீர் பிரியக் குடுக்குற மாத்திரை, இதுகளும் வாயைக் காய வைக்கும். அதுக்காக மாத்திரையை நீயா நிறுத்திராத. நிறுத்துற வைத்தியம் உனக்கு எப்பவுமே கைவந்த கலை.

சரி, வாய் ஏன் ராத்திரி திறந்துக்கிட்டே கெடக்கு? மூக்கு அடைச்சிருக்கலாம். இல்லைன்னா தொண்டையில கோளாறு. இங்கதான் நம்ம தோட்டத்து மோட்டார் வருது. கெணத்து டீசல் இஞ்சினுக்கு உறிஞ்சுற பக்கம் கெட்டிக் குழாயும், தண்ணியைத் தள்ளுற பக்கம் மெத்து ஓசும் மாட்டியிருப்போம். நீ காலேஜு லீவுக்கு வந்தப்ப, எனக்கு எல்லாம் தெரியும்னு மெத்து ஓசைத் தூக்கி உறிஞ்சுற பக்கம் மாட்டினியே, ஞாபகம் இருக்கா? இஞ்சின் இழுத்த இழுப்புல ஓசு உள்பக்கமா ஒட்டிப் போச்சு. சொட்டுத் தண்ணி வரல, இஞ்சின் மட்டும் அலறுச்சு. உன் தொண்டை அந்த மெத்து ஓசுதான். அதுக்குள்ள எலும்பு கெடையாது, சதைதான். முழிச்சிருக்கிற வரைக்கும் சதை விறைப்பா நின்னு பாதையைத் திறந்து வச்சிருக்கும். தூங்கினாத் தளர்ந்துரும். மல்லாந்து படுத்தா நாக்கும் பின்னால சரியும். நீ ரெண்டு கிளாஸ் ஏத்திட்டு வந்த ராத்திரின்னா கேக்கவே வேணாம், இன்னும் தொளதொளன்னு ஆயிரும். மேல்கொண்டு கழுத்துச் சதை வெளிய இருந்து அமுக்குது. டெய்லர்கிட்ட விசாரிச்சேன், உன் காலர் 17 இஞ்சைத் தாண்டிருச்சாமே. ஆம்பளைக்கு அந்த அளவைக் கேட்டா தூக்க டாக்டருங்க நிமிந்து உக்காருவாங்க.

நெஞ்சு உறிஞ்சுது, பாதை பாதி ஒட்டுது. மிச்ச இடுக்கு வழியாப் பாயுற காத்துல உள்நாக்கும் மேலண்ணத்துச் சதையும் படபடன்னு அடிக்குது. தெருவுக்குக் கேக்குற கச்சேரி அதுதான். முழுசா ஒட்டிருச்சுன்னா கச்சேரி நின்னுரும். ஊரே அப்பாடான்னு மூச்சு விடுற அந்த நேரத்துலதான் நீ மூச்சு விடுறதில்ல. எம்மக எந்திரிச்சு உக்காந்து உன் நெஞ்சைப் பாத்துக்கிட்டிருப்பா. மூச்சு 10 வினாடி நின்னாலே அது ஒரு தடவைன்னு கணக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குது, மூளை பதறி உன்னை உலுக்குது, நீ கொர்ருன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டுப் புரண்டு படுக்குற, மறுபடியும் அதே கதை. மணிக்கு 5 தடவையைத் தொட்டாலே வியாதின்னு எழுதிருவாங்க. 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமை. ஸ்லீப் ஆப்னியான்னு பேரு. மணிக்கு 30ன்னா ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா உன்னை உலுக்கி எழுப்பிக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம், அது உனக்கு மட்டும்தான் தெரியாது. ஆறு மாசம் தூங்கின கும்பகர்ணனே கொட்டாவியோடதான் எந்திரிச்சானாம். ராவணன் அவன் மேல யானையை ஏத்தினதுக்குப் பதிலா ஒரு டாக்டர்கிட்டக் காட்டியிருக்கலாம்.

ராத்திரிக்கு ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிற. சுகரோன்னு பயந்து ரத்தம் குத்திப் பாத்த, சுகர் இல்ல. அடைச்ச தொண்டைக்கு எதிரா நெஞ்சு இழுக்கிற இழுப்புல இருதயத்தோட மேலறை விரியுது. உடம்புல தண்ணி கூடிப்போச்சுன்னு அது தப்பாக் கணக்குப் போட்டு ஒரு ஹார்மோனை விடுது, அது போயி சிறுநீரகத்தை விரட்டுது. காலையில தலைவலி, மாத்திரை போட்டும் எறங்காத பிரசர், எதை எடுத்தாலும் எரிச்சல், எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைங்கதான். எரிச்சலுக்கு மட்டும் நான் காரணம்னு நீ சொல்லிக்கிட்டுத் திரியிற. இருக்கட்டும். டீக்கடையில கண்ணு சொக்கினா என் வேட்டி நனையும், அவ்வளவுதான். நாலுவழிச் சாலையில லோடு வண்டி ஓட்டுறப்ப சொக்கினா? இதை மட்டும் நான் கேலிக்குச் சொல்லல, மாப்ளே.

இதுக்கும் பல் டாக்டருக்கும் என்ன மாமா சம்பந்தம்னு கேப்ப. நெஞ்சு டாக்டர் முதுகுல குழாயை வச்சுப் பாத்துட்டு அனுப்பிருவார். அரை மணி நேரம் லைட்டைப் போட்டு உன் வாய்க்குள்ளயே குடியிருக்கிறவர் பல் டாக்டர் ஒருத்தர்தான். பொங்கலுக்கு நம்ம பேத்தி எல்லாரையும் திண்ணையில வரிசையா உக்கார வச்சாளே, அப்ப அவ பல்லை மட்டுமா பாத்தா? வாயை நல்லாத் திற, நாக்கை நீட்டு, சத்தம் குடுக்காதன்னா. உள்நாக்கு முழுசாத் தெரிஞ்சா ஒண்ணாம் நம்பர். மேலண்ணத்துக் கெட்டிப் பகுதியைத் தவிர வேற ஒண்ணுமே தெரியலைன்னா நாலாம் நம்பர். இந்த நம்பரைப் போட்டவர் சேஷகிரி மல்லம்பாட்டின்னு ஒரு மயக்க மருந்து டாக்டர். நம்ம பக்கத்து ஆந்திராக்காரர், அமெரிக்காவுக்குப் போயி 1985ல எழுதினார். ஆபரேசனுக்கு முந்தி தொண்டையில குழாய் எறக்கிறது லேசா, கஷ்டமான்னு பாக்கத்தான் அவர் போட்டார், அதுவும் மூணே நம்பர். நாலாவது பின்னால வந்து சேந்துச்சு. இப்ப தூக்க டாக்டருங்களும் அதையே எட்டிப் பாக்குறாங்க. எனக்கு ரெண்டு. உங்கத்தைக்கு ஒண்ணு. பேச்சுக்கு எடைஞ்சலே இல்லாத வாயின்னு எனக்கு முன்னாடியே தெரியும். உனக்கு நாலு. வகுப்புல கூட நீ அவ்வளவு மார்க்கு வாங்கினதில்லைங்கிற மிதப்புல சிரிச்ச பாரு.

அவ அதோட விடல. உன் நாக்கு ஓரத்துல வரிசையாப் பல்லுத் தடம். இருக்கிற எடம் நாக்குக்குப் பத்தல, பல்லுல முட்டிக்கிட்டே கெடக்குது. கடைவாய்ப் பல்லு மேடெல்லாம் தேஞ்சு தட்டையாயிருக்கு. ராத்திரி நரநரன்னு கடிக்கிற. எம்மேல உள்ள கோவம்னுதான் இத்தனை நாளா நெனச்சேன், கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. தூக்கம் அரைகுறையாக் கலையிற நேரத்துல தாடைச் சதை தானா இறுகுமாம். மூச்சு அடைப்பு உள்ள நெறைய பேருக்கு இந்தக் கடியும் சேந்தே இருக்கும். எல்லாருக்கும் இல்ல. கவலை, காப்பி, சிகரெட்டு, சில மாத்திரைன்னு பல்லுக்கடிக்கு வேற சொந்தக்காரங்களும் உண்டு. மேல் முன்பல்லுக்குப் பின்பக்கம் எனாமல் கரைஞ்சிருக்கே, அது கடியில வந்ததில்ல, வயித்துப் புளிப்பு. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவையும் சால்னாவையும் ஏத்திட்டு உடனே மல்லாந்தா, அது மேல வரத்தான் செய்யும். அதுவும் வாயில எச்சில் இல்லாத நேரமாப் பாத்து வருது. அப்படிப் புளிச்சு வந்தா உடனே பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்காத, இளகிக் கெடக்கிற எனாமலையும் சேத்துத் தேய்ச்சிருவ. தண்ணி விட்டுக் கொப்புளிச்சிட்டு அரை மணி நேரம் பொறு.

பல்லுக்கடிக்குன்னு நைட் கார்டு ஒண்ணை ஆன்லைன்ல பாத்து வச்சிருக்கியாமே. மேல் தாடைக்கு மட்டும் மாட்டுற அந்தத் தட்டு சிலருக்கு மூச்சு அடைப்பைக் கூட்டியிருக்கு, சோதிச்சே பாத்திருக்காங்க. உனக்கு அடைப்பு எவ்வளவுன்னு தெரியிற வரைக்கும் அந்த ஆர்டரை நிறுத்தி வை.

அப்புறம் அந்த மூணு விரல். விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள விடுங்க மாமான்னு சொன்னா. எல்லாருக்கும் மூணும் போச்சு. உனக்கு ரெண்டோட நின்னுபோச்சு. அவ சிரிப்பும் அங்கதான் நின்னுச்சு, நீ கவனிக்கல. பாக்கு, மாப்ளே. பாக்குல இருக்கிற சத்து கன்னத்து உள்தோலை நார் நாராக் கட்டி இறுக்குது. கன்னத்தை உள்பக்கமாத் தடவினா கயிறு தட்டுப்படும், தோல் வெளுத்துப்போகும், காரம் பட்டா எரியும், வாய் வருசத்துக்கு வருசம் சுருங்கும். புத்துநோய்க்கு அது முன்படி. புகையிலை கலக்காத வெறும் பாக்கே புத்துநோய்க்குக் காரணம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே எழுதி வச்சிருக்கு. தாம்பூலம் நம்ம பண்பாடு மாமான்னு வக்காலத்துக்கு வருவ. பண்பாடு கல்யாணத்துக்குக் கல்யாணம் வெத்தலை மடிக்கும். நீ மணிக்கு மணி பொட்டலம் கிழிக்கிற.

இனி வைத்தியம். 1981 வரைக்கும் கடுமையான கேசுக்கு இருந்த நல்ல வழி, கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய் வைக்கிறதுதான். அந்த வருசம் ஆஸ்திரேலியாவுல சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் அஞ்சு நோயாளிங்களை வச்சு வேற ஒண்ணைக் காட்டினார். தூசி உறிஞ்சுற மெஷினோட மோட்டாரைக் காத்து ஊதுற பக்கமாத் திருப்பி, மூக்குல முகமூடி மாட்டி, விடாமக் காத்தைத் தள்ளினார். பாத்தியா? மெத்து ஓசை உறிஞ்சுற பக்கத்துல இருந்து கழட்டித் தள்ளுற பக்கம் மாட்டிட்டார். அழுத்தத்தோட வர்ற காத்து பாதையை ஒட்ட விடாம விரிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான் சூட்சுமம். இன்னைக்கும் கடுமையான அடைப்புக்கு சிபாப்னு சொல்ற அந்த மெஷின்தான் முதல் மருந்து. அதை மாட்டிக்கிட்டும் வாயைப் பிளந்தா காத்து வாய் வழியா வெளிய போயி வாய் முந்தியை விடக் காஞ்சுரும். அதுக்குத் தண்ணித் தொட்டி வச்ச மெஷின், வாயையும் சேத்து மூடுற முகமூடின்னு இருக்கு, கேட்டு வாங்கணும்.

மெஷின் ஒத்துக்காதவங்களுக்கும், லேசு நடுத்தர ஆளுங்களுக்கும் பல் டாக்டர் ஒரு கிளிப் செஞ்சு குடுப்பார். மேல் பல்லு, கீழ் பல்லு ரெண்டுக்கும் அச்செடுத்துப் பண்றது. ராத்திரி மாட்டினா கீழ்த் தாடையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் பிடிச்சுக்கும். தாடை முன்னால வந்தா நாக்கும் கூடவே வரும், பாதை திறக்கும். மொத மொத வாயில எச்சில் வழியும், காலையில தாடை வலிக்கும், வருசக்கணக்குல போட்டா கடிக்கிற பொருத்தம் மாறும், அதனால டாக்டர்கிட்ட அப்பப்பக் காட்டிக்கிட்டே இருக்கணும். இப்ப வேடிக்கையைக் கேளு. இந்தக் கிளிப் எதைப் பிடிச்சு நிக்கும்? பல்லை. மேலயும் கீழயும் எட்டுப் பத்துப் பல்லாச்சும் ஆட்டம் இல்லாம நிக்கணும், ஈறு கெட்டியா இருக்கணும், வாய் நல்லாத் திறக்கணும். பல்லுப் போனா சொல்லுப் போச்சுன்னுதான் நம்ம பாட்டன் சொல்லிட்டுப் போனான். மூச்சுக்கும் பல்லுதான் முளைக்குச்சின்னு அவனுக்குத் தெரியல. நீ வலது பக்கம் ரெண்டைப் பிடுங்கிட்டு, இன்னும் ரெண்டு ஆடுதுன்னு நாக்கால ஆட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. ஈறு வியாதியும் மூச்சு அடைப்பும் ஒரே ஆளுகிட்டச் சேந்து இருக்கிறதை ஆராய்ச்சிக்காரங்க அடிக்கடி பாக்குறாங்க. எது மொதல்ல வந்துச்சுங்கிறதுல பட்டிமன்றம் இன்னும் முடியல. உன் வாய்க்குள்ள ரெண்டு அணியும் ஒண்ணாக் குந்தியிருக்கு.

பல்லே இல்லாதவங்க கதை தனி. உங்கத்தை பல்செட்டைக் கழட்டாமத் தூங்குவா. கழட்டினா நான் கேலி பண்ணுவேன்னு பயமாம், இத்தனை வருசத்துக்கு அப்புறம். பல்செட்டோட தூங்கினா மூச்சுப் பாதைக்கு முட்டு கிடைக்கும்னு ஒரு ஆராய்ச்சி சொல்லுது, அடைப்பு கூடுதுன்னு இன்னொண்ணு சொல்லுது. ஆனா ஜப்பான்ல 85 வயசு தாண்டின 524 பேரை மூணு வருசம் கவனிச்சுப் பாத்ததுல, பல்செட்டோட தூங்கினவங்களுக்கு நிமோனியா வர்றது ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. பல்செட்டுல படியிற அழுக்கும் கிருமியும் ராத்திரி மூச்சோட நெஞ்சுக்குள்ள எறங்குறதுதான் காரணம்னு நெனக்கிறாங்க. அதனால இப்ப கழட்டித் தேய்ச்சுக் கழுவித் தண்ணிக் கிண்ணத்துல போட்டுட்டுத்தான் படுக்கிறா. நான் கேலி பண்றதில்ல. இருட்டுல எதுவும் தெரியிறதும் இல்ல.

உன் மகன் சமாச்சாரம் ஒண்ணு பாக்கி இருக்கு. எம்பேரன் தூங்குறப்பப் பாத்திருக்கியா? நீதான் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பியே, எங்க பாக்க. அவனும் வாயைத் திறந்துதான் தூங்குறான், சின்னதாக் குறட்டையும் உண்டு. அப்பனை உரிச்சு வச்சிருக்கான்னு உங்கம்மா பூரிச்சுப் போறா. சின்னப் பிள்ளை தினமும் குறட்டை விடுறது பூரிக்கிற விசயம் இல்ல. அந்த வயசுல அநேகமா டான்சிலும், மூக்குக்குப் பின்னால இருக்கிற அடினாய்டு சதையும் வீங்கி வழியை அடைக்கும். வாய் திறந்தே கெடந்தா நாக்கு மேலண்ணத்துல தங்காது, கீழயே கெடக்கும். நாக்கு மேல தங்கித்தான் மேல்தாடை அகலமா வளரணும். அது இல்லைன்னா மேலண்ணம் குறுகி மேல குழிஞ்சு போகும், மொளைக்கிற பல்லுக்கு எடம் பத்தாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், முகம் நீளும். அப்புறம் பதினஞ்சு வயசுல கம்பி கட்ட நீ பணத்துக்கு அலைவ. தூக்கம் கெட்ட பெரிய ஆளு சொக்கி விழுவான். தூக்கம் கெட்ட பிள்ளை பரபரன்னு ஆடும். வகுப்புல ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறான்னு வாத்தியார் புகார் சொல்றதும், எட்டு வயசுலயும் அவன் படுக்கையை நனைக்கிறதும் இதுல வந்து சேரலாம். அவனை அடிச்சது போதும். காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. கைக்குழந்தையாப் பால் புட்டியை வாயில வச்சே தூங்க வச்சீங்களே, மேல் முன்பல்லு நாலும் கறுத்துச் சொத்தையானது அதுலதான். பால்ல இருக்கிற சர்க்கரை, ராத்திரி, எச்சில் இல்ல, மூணும் சேந்துச்சு. ரெண்டாவதுக்கு அதைப் பண்ணாதீங்க.

இதுக்கு நடுவுல எவனோ போன்ல காட்டினான்னு ராத்திரி வாயில டேப்பு ஒட்டிக்கிட்டுப் படுத்தியாமே! எம்மக சொல்லி அழுதா. மூக்கும் அடைப்பு, தொண்டையும் அடைப்பு, மிச்சம் இருந்த ஒரு வாசலையும் ஒட்டிப் பூட்டினா எமனுக்கு வேலை மிச்சம். சும்மா ஏதாச்சும் செஞ்சே ஆகணும்னா ஒருக்களிச்சுப் படு. பனியன் முதுகுல ஒரு டென்னிஸ் பந்தை வச்சுத் தச்சா, மல்லாக்கப் புரண்டதும் அது குத்தி உன்னை ஓரமாத் திருப்பும். எடையைக் குறை. ராத்திரிச் சோத்தை நேரத்தோட முடி. ஊத்திக் குடிக்கிறதை விடு. இதுல எதுக்கும் பில்லு கெடையாது, அதனாலதான் உனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது.

பில்லோட கூடின வைத்தியமும் ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியாப் பழங்குடி ஜனங்க ஊதுற டிஜெரிடூன்னு நீளமான மரக்குழல். சுவிட்சர்லாந்துல நடுத்தர அடைப்பு உள்ள 25 பேரைப் பிடிச்சு, அதுல ஒரு பங்கு ஆளுங்களை நாலு மாசம் அதை ஊத வச்சாங்க. கன்னத்துக் காத்தை ஊதிக்கிட்டே மூக்கால மூச்சு இழுக்கிற வித்தை அதுக்கு வேணும். ஊதினவங்களுக்குத் தொண்டைச் சதை பலப்பட்டு, அடைப்பும் குறைஞ்சுச்சு, பகல் தூக்கமும் குறைஞ்சுச்சு, பக்கத்துல படுத்தவங்களுக்கும் நிம்மதி வந்துச்சு. 2006ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. சிரிக்க வச்சுட்டு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு இக் நோபல்னு ஒரு பரிசு உண்டு, அதுல 2017ல சமாதானப் பரிசு இதுக்குத்தான் குடுத்தாங்க. வீட்டுச் சமாதானத்தைத்தான் சொல்றாங்கபோல. சரி, நானும் நாயனம் கத்துக்கிறேன்னு கிளம்பிராத. அவங்க சோதிச்சது அந்தக் குழலை. இப்ப ராத்திரி மட்டும் முழிச்சிருக்கிற கீழத்தெரு பகல்லயும் முழிச்சிருக்கணுமா?

ஞாயித்துக்கெழமை பேத்தி வர்றா. அவ வாத்தியார்கிட்ட உன்னைக் காட்டச் சொல்லியிருக்கேன். அவர் பல்லையும் ஈறையும் வாய் திறக்கிற அளவையும் பாத்துட்டு, தூக்க டாக்டருக்கு எழுதிக் குடுப்பார். அங்க உடம்பெல்லாம் வயரை ஒட்டி ஒரு ராத்திரி தூங்கச் சொல்லி மூச்சையும் ஆக்சிஜனையும் கணக்கெடுப்பாங்க. எம்மகளையும் கூட்டிட்டுப் போ, நீ தூங்குறதுக்கு அவதான் சாட்சி. உன் குறட்டையைப் போன்ல பிடிச்சு வச்சிருக்கா, நடுவுல நிக்கிற நிறுத்தத்தோட. அதைக் கேட்டா டாக்டருக்கு நீ எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அன்னைக்கு மட்டுமாச்சும் பாக்கு போடாத, கண்டுபிடிச்சிருவாங்க.

உங்கம்மாவையும் வண்டியில ஏத்திக்க. குறட்டை ஆம்பளைச் சொத்துன்னு ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு. மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் பொம்பளைங்களுக்கும் இந்த அடைப்பு கூடும், அவங்க தூக்கம் வரல, அசதியா இருக்குன்னு மட்டும் சொல்றதால டாக்டருங்களே கோட்டை விடுறதுண்டு. உங்கம்மா குறட்டை உன்னோடதுக்கு அக்கா. போன திருவிழாவுக்கு வந்தப்ப நான் நேர்ல கேட்டேன். ஆனா அவகிட்ட அதை நீதான் சொல்லணும். எனக்குத் தங்கச்சிதான், இருந்தாலும் கை நீட்டிருவா.